திருட வந்தவருக்கு ஹாஃப் கிளட்ச்

ஹலோ அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அடையாள அட்டையோடு சரி. டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது தலை கருகருவென்று இருந்தது. காதோரம் நரை எட்டிப் பார்க்கிற வரைக்கும் "ஹலோ, சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லியே தெருவுக்கெல்லாம் ஹலோ அக்கா ஆகிவிட்டாள். வீட்டில் புருஷன் பின்னாலிருந்து கூப்பிட்டால்கூடத் திரும்பாமல் "ஹலோ" என்பாள். அந்த மனிதரும் சளைக்காமல் "லைன்லதான்மா இருக்கேன்" என்பார். ஆஸ்பத்திரி சமையலறையில் சமையல்காரர் அவர், கோபமே வராத பிறவி.

போன் வேலையை லேசாக நினைத்துவிடாதீர்கள். டிரைவிங் ஸ்கூலுக்கு யார் சந்தோஷமாகப் போன் பண்ணுகிறார்கள்? டெஸ்டில் கோட்டை விட்டவன் பண்ணுவான். வாத்தியார் திட்டிவிட்டார் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒருத்தி பண்ணுவாள். உங்கள் வண்டி என் மதில் சுவரை இடித்துவிட்டது என்று ஒருவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். அத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, குரலை ஒரு நூல்கூட உயர்த்தாமல், "நீங்க சொல்றது புரியுதுங்க, முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க" என்று ஆற்றி அனுப்புவாள். எதிரில் இருப்பவன் வாடா போடா என்றாலும் இவள் வாயில் "நீங்க" மாறாது. அது அவளுக்கு உடம்போடு ஒட்டிப்போன பழக்கம்.

ஆனால் மனசு முழுக்க வெளியில்தான். அவள் மேஜைக்கு எதிரே பெரிய கண்ணாடி ஜன்னல். அதற்கப்பால் முற்றம், வெள்ளை பெயிண்ட் அடித்த பழைய டயர்கள், அவற்றுக்கு நடுவே இருமிக்கொண்டும் குலுங்கிக்கொண்டும் ஊர்கிற பயிற்சி வண்டிகள். போனைக் காதில் வைத்தபடியே, "ஐயோ பாவம், கிளட்சைச் சட்டுனு விட்டுட்டாரே" என்று முணுமுணுப்பாள். என்ஜின் சத்தத்தை வைத்தே எந்த கியரில் தப்பு செய்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் அந்தப் பக்கத்து சீட், அதற்குக் கீழே தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அங்கே ஒரு நாளாவது உட்கார்ந்துவிட வேண்டும். அதற்கான பரீட்சையும் எழுதி, முதல் தடவையிலேயே பாஸும் செய்து, சான்றிதழைச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டி வைத்திருந்தாள். ஹாலில் மாட்டக் கூச்சமாம்.

முதலாளியிடம் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும். "நீ வெளியில போயிட்டா போன் யாரு எடுப்பா?"

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷன்தான், ஆனால் சந்தேகப் பிராணி. தன் வண்டியை யாரோ தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்ற பயத்திலேயே பாதி ஆயுள் கழிந்தது. ஸ்டியரிங்கில் இரும்புச் சங்கிலி, பெடலுக்கு ஒரு பூட்டு, மிதியடிக்குக் கீழே ஒரு ரகசிய சுவிட்ச். பாத்ரூம் போய்விட்டு வருவதற்குக்கூடச் சங்கிலி போட்டுவிட்டுத்தான் போவார். அந்த நேரம் பார்த்து ஊரில் கார் திருட்டு வேறு அமர்க்களப்பட்டது. சாவியைத் துளையில் போடாமல், பட்டனை அமுக்கி ஓட்டுகிற புது வண்டிகள் இருக்கிறதே, அவற்றின் கதவருகில் கையடக்கமாக ஏதோ ஒரு கருவியைக் காட்டுகிறார்களாம், கதவு திறந்துகொள்கிறதாம், வண்டி போயே போய்விடுகிறதாம்.

முதலாளி துள்ளிக் குதித்தார். "இந்தக் காலத்துத் திருடனுக்கு கியர் போடத் தெரியாது! மூணாவது பெடலைப் பார்த்தா அவனுக்குக் கை கால் ஆடிப்போயிடும். கியர் வண்டியை விடப் பெரிய பூட்டு உலகத்துல கிடையாது!" என்று மேஜையைத் தட்டினார். மறுநாளே கேட்டில் ஒரு பெரிய பேனர் தொங்கியது: கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள், திருடன் கிட்டவே வரமாட்டான். அவ்வளவுதான், கூட்டம் அள்ளியது. சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. வேறு வழியில்லாமல் முதலாளி போனுக்கு ஒரு புதுப் பெண்ணைப் போட்டுவிட்டு, ஹலோ அக்காவைக் கூப்பிட்டார்.

"பழைய சிவப்பு வண்டியை எடுத்துக்கோ. நாளைக்குக் காலையில உன் முதல் ஸ்டூடண்ட். ஆனா ஒண்ணு, ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தாலும் திரும்பப் போனுக்குத்தான். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது, சரியா?"

"சரி சார்" என்றாள். வாய்தான் சொன்னது, கால் தரையில் இல்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் வீடு பட்ட பாடு! சமையலறை நாற்காலியில் புருஷனை உட்கார வைத்து, கையில் பாத்திர மூடியைக் கொடுத்து, காலடியில் மூன்று செருப்பை வரிசையாக வைத்தாள். கரண்டிதான் கியர். மகள் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டிக்கொண்டு ரயில்வே கேட்டாக நின்றாள்.

"இடது செருப்பை முழுசா மிதிங்க. முதல் கியர். இப்ப மெதுவா, மெதுவா மேல எடுங்க..."

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா? வண்டி குதிச்சு ஆஃப் ஆயிடுச்சு. பரவாயில்லைங்க, எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான். திரும்பவும் பண்ணலாம்."

"அம்மா, நீ அப்பாவைத் திட்டவே மாட்டியா?" என்று கேட்டாள் மகள்.

"திட்டினா கால் மரத்துப் போயிடும்டி. நான் கத்துக்கிட்டப்ப சொல்லிக்கொடுத்த ஆள் என்னைத் திட்டித் திட்டியே, எது கிளட்ச் எது பிரேக்னு மறக்கடிச்சார். நான் யாரையும் திட்ட மாட்டேன்" என்றாள். பிறகு, கரண்டியை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்ட புருஷன் பக்கம் திரும்பி, "அதுக்காக நீங்க கரண்டியைப் பின்சீட்டுல போடாதீங்க" என்றாள்.

விடிந்தது. இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். சிவப்பு வண்டியின் கூரையில் இருக்கும் ஸ்கூல் போர்டு பெயிண்ட் அடிக்கப் போயிருந்தது. மொட்டைத் தலையோடு நின்ற வண்டியைக் கேட்டுக்கு வெளியே, தெரு ஓரமாக நிறுத்தினாள். சங்கிலி, பூட்டு, சுவிட்ச் எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துவிட்டாள். பேட்டரி வயசானது, அணைத்தால் திரும்பக் கிளம்பாமல் மானத்தை வாங்கும் என்று என்ஜினை ஓடவிட்டாள். டிரைவர் பக்கத்துக் கதவை வருகிறவருக்காகத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்து சீட்டில் ஏறி அமர்ந்தாள். அப்பாடா! அந்த சீட்டில் முதுகு சாய்ந்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஸ்டூடண்ட் யார் என்று புதுப் பெண் சொல்லவுமில்லை, இவள் பதற்றத்தில் கேட்கவுமில்லை. முதலில் படத்தைக் காட்டி விளக்கலாம் என்று சுருட்டி எடுத்து வந்த கியர் படம் மடியிலிருந்து உருண்டு சீட்டுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து, தலையைக் காலுக்கு நடுவில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் வண்டிக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்திருக்கும்.

தொப்பி போட்ட ஒரு ஆள் படக்கென்று உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினார். நாற்பதைத் தாண்டிய வயசு, சவரம் செய்யாத முகம். திருடனுக்கு என்ன 'ர்' வேண்டியிருக்கிறது என்று கேட்பீர்கள். அக்கா கொடுத்த மரியாதையைப் பிடுங்க நான் யார்?

அக்கா மூச்சு வாங்க நிமிர்ந்தாள். பக்கத்தில் ஒரு முகம் பேயறைந்த மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கியர் வண்டிக்குப் பயப்படுகிற முகம்தான் இது, பாவம், என்று நினைத்துக்கொண்டாள்.

"வாங்க வாங்க! உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன். பெல்ட்டைப் போடுங்க."

தொப்பிக்காரர் வெளியே பாய்ந்திருப்பார். ஆனால் தெருமுனையில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரர், தினமும் செய்கிறபடி, அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டினார். அக்காவும் ஆட்டினாள். தொப்பிக்காரர் சத்தமில்லாமல் பெல்ட்டைப் போட்டார். அவர் மனசில் ஓடியதை அவரே பிற்பாடு ஸ்டேஷனில் சொன்னார்: ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வரட்டும், இந்த அம்மாவை இறக்கிவிட்டு வண்டியோடு பறந்துவிடலாம். அதற்குள் கீழே பார்த்தாராம். மூணு பெடல். ஈரக்குலை நடுங்கியதாம். சரி, முதலில் ஓட்டக் கற்றுக்கொள்வோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று முடிவு செய்தாராம்.

அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? அந்த ஸ்கூல் ஆரம்பித்த நாளிலிருந்து இவ்வளவு கவனமாகப் பாடம் கேட்ட ஸ்டூடண்ட் வந்ததே கிடையாது. அக்கா சொல்லச் சொல்லக் கண் கொட்டாமல் கேட்டார். வண்டி ஒரு தடவை குதித்து அணைந்தது. இன்னொரு தடவை தவளை மாதிரித் தத்தித் தத்திப் போய் அணைந்தது. நல்லவேளை, வயசான பேட்டரி அன்றைக்கு மானத்தை வாங்கவில்லை, இரண்டு தடவையும் வண்டி கிளம்பிவிட்டது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு வராதுங்க. நான் ஆட்டோமேட்டிக்தான் ஓட்டியிருக்கேன். விதவிதமா ஓட்டியிருக்கேன்" என்றார்.

"அப்படியா! நிறைய வண்டி வச்சிருக்கீங்களா?"

"கைக்கு வரும், போகும்" என்றார் தொப்பிக்காரர்.

"அப்ப ரோடு பயம் இல்லைன்னு அர்த்தம். கால் மட்டும் பழகணும், அவ்வளவுதான். கிளட்சை விடும்போது நடுவுல ஒரு இடத்துல வண்டி லேசா உடம்பைச் சிலிர்க்கும் பாருங்க, அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கேயே காலை நிறுத்துங்க. அவசரமே இல்லை."

அவசரமே இல்லை என்று யாராவது அந்த ஆளிடம் அதற்கு முன் சொல்லியிருப்பார்களா, சந்தேகம்தான். காலை மெல்ல எடுத்தார். வண்டி சிலிர்த்தது. நிறுத்தினார். வண்டி வெண்ணெயில் வழுக்கின மாதிரி நகர்ந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சுங்க!" என்று கத்தினாள் அக்கா. இரண்டாவது கியர் விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. தொப்பிக்காரர் தொப்பியைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டுக்கொண்டு சிரித்தார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் ஸ்டூடண்ட், முதல் மணி நேரத்திலேயே மூன்றாவது கியர்! கம்ப்ளெயிண்டாவது மண்ணாவது, முதலாளி நெற்றியில் ஒட்டுகிற மாதிரி நல்ல பேர் வாங்கிவிட்டேன் என்று உள்ளுக்குள் கூத்தாடினாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற மேட்டு ரோடு வந்தது. ஏற்றத்தின் பாதியில், ஆள் அரவம் இல்லாத இடமாகப் பார்த்து, தொப்பிக்காரர் வண்டியை நிறுத்தினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இறங்குங்க."

"ஏங்க, டயரைப் பார்க்கணுமா?"

"நீங்க இறங்குங்கம்மா. நான் போறேன்."

"எங்க போறீங்க? கிளாஸ் முடியலையே. ரிவர்ஸ் பாக்கி இருக்கு."

அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா! நான் ஸ்டூடண்ட் இல்லை. திருடன். வண்டியைத் திருடத்தான் ஏறினேன். இப்பவாவது புரிஞ்சுதா?"

அக்காவுக்குப் பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதையும் தாண்டி நெஞ்சை அடைத்தது வேறொன்று. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்தது. "அப்ப என் ஸ்டூடண்ட் எங்க? அங்க ஒருத்தர் காத்துட்டு நிப்பாரே! போச்சு, எல்லாம் போச்சு. முதல் நாளே கம்ப்ளெயிண்ட். இனிமே நான் சாகுற வரைக்கும் ஹலோ ஹலோதான். ஏங்க, இவ்வளவு நல்லாக் கத்துக்கிட்டீங்களே, நீங்க நிஜ ஸ்டூடண்டாவே இருந்திருக்கக் கூடாதா?"

திருடர் திருதிருவென்று முழித்தார். பயந்து அலறுகிற ஆளைச் சமாளிக்க அவருக்குத் தெரியும். இப்படி ஆற்றாமையில் அழுகிற ஆளை எப்படிச் சமாளிப்பது? வண்டி வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஓடிவிடலாம் என்று பெல்ட்டை அமுக்கினார். அது வரவில்லை. இழுத்தார், ம்ஹூம். அந்த பெல்ட் ரொம்ப நாளாகவே மக்கர். பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து மேல்நோக்கித் தூக்கினால்தான் விடும். ஸ்கூல்காரர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி அது. முதலாளி ரிப்பேருக்குக் கொடுக்காமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த இழுபறியில் திருடரின் கால் பிரேக்கிலிருந்து நழுவியது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. கீழே, மேட்டின் அடிவாரத்தில், பூந்தொட்டிக் கடை. ரோட்டோரம் வரைக்கும் மண் தொட்டிகள் அடுக்கடுக்காக நின்றன.

"அம்மா! அம்மா!"

அக்கா தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, எரிந்து விழுகிறவர்களிடம் போனில் பேசுகிற அதே குரல் தானாக வந்தது.

"பதறாதீங்க. ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க. மூச்சு விடுங்க. மேட்டுல கிளப்புறதுதான் இருக்கறதுலயே கஷ்டமான பாடம், இதை மட்டும் கத்துக்கிட்டா உங்களுக்கு எதுவுமே கஷ்டமில்லை. முதல் கியர் போடுங்க. கிளட்சை அந்த சிலிர்க்கிற இடம் வரைக்கும் கொண்டு வாங்க. வந்துச்சா? ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுங்க. இப்ப ஹேண்ட் பிரேக்கை விடுங்க."

வண்டி ஒரு விநாடி யோசித்தது. பிறகு மேலே ஏறியது. ஒரு இஞ்ச்கூடப் பின்னால் போகவில்லை. தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஏறி, உச்சியில் போய்த்தான் நின்றது. திருடர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு, "ஏத்திட்டேன்! பார்த்தீங்களா, ஏத்திட்டேன்!" என்று சின்னக் குழந்தை மாதிரி கூவினார். அக்கா தன்னை மறந்து கை தட்டினாள்.

பிறகு திருடர் மெதுவாகக் கேட்டார்: "இந்த பெல்ட்டைக் கழட்டி விட மாட்டீங்களா?"

"மாட்டேங்க. ஸ்கூல் வண்டி இது, திரும்ப ஸ்கூலுக்குத்தான் போகணும். என் கால் பிரேக் மேலயே இருக்கும். இறக்கத்துல ரெண்டாவது கியர் போதும், பார்த்துப் போங்க."

முற்றத்துக்குள் சிவப்பு வண்டி நுழைந்தபோது முதலாளி நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நின்றிருந்தார். அவர் பல் டாக்டர். அவருடைய பட்டன் வண்டியை ஆஸ்பத்திரி வாசலிலேயே எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டதால், பேனரை நம்பி ஒரு கியர் வண்டியை வாங்கிவிட்டார். ஆனால் அதை ஓட்டத் தெரியாமல் வீட்டு வாசலில் நிறுத்திவைத்திருந்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கறேன் தெரியுமா? இதுதான் நீங்க ஸ்கூல் நடத்துற லட்சணமா?" என்று பொரிந்தார் டாக்டர்.

கம்ப்ளெயிண்ட் வந்தே விட்டது. அக்காவின் முகம் சுண்டிப் போனது.

"ஸ்டூடண்ட் இங்க நிக்கறாங்க, நீ யாரைக் கூட்டிட்டு ஊரைச் சுத்திட்டு வர்றே?" என்று முதலாளி கத்தினார்.

"திருடர் சார்" என்றாள் அக்கா. "வண்டியைத் திருட ஏறினார். நான் ஸ்டூடண்டுன்னு நினைச்சுப் பாடம் எடுத்துட்டேன்."

புதுப் பெண் ஓடிப் போய்த் தெருமுனை போலீஸ்காரரை அழைத்து வந்தாள். அக்கா கட்டைவிரலை வைத்து பெல்ட்டைத் தூக்கிக் கழற்றிவிட, திருடர் இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தப்பு செய்த பள்ளிப் பிள்ளை மாதிரி நின்றார்.

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என் வெள்ளை வண்டியைத் தூக்கினது நீதானா?"

"சத்தியமா இல்லைங்க. வெள்ளை வண்டி நான் எடுக்கறதே இல்லை, சீக்கிரம் அழுக்காயிடும்."

போலீஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "கியர் வண்டி எத்தனை நாளா ஓட்டுறே?"

"இன்னிக்குத்தாங்க. இந்த அம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க."

"இன்னிக்கேவா? மேட்டுல ஏத்தினியா?"

"ஏத்திட்டேங்க! தண்ணித் தொட்டி மேடு. துளிகூடப் பின்னால போகலை" என்றார் திருடர். அந்த நிலைமையிலும் அவர் நெஞ்சு ஒரு தரம் நிமிர்ந்தது.

டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. "நான் ரெண்டு இடத்துல சேர்ந்து, ரெண்டு இடத்துலயும் அழுதுட்டு வந்தேன். கிளட்ச்ல வச்சா இந்தக் கால் உதறுது. அவங்க திட்டத் திட்ட இன்னும் உதறுது. இவங்க உன்னைத் திட்டினாங்களா?"

திருடர் அக்காவைப் பார்த்தார். "திட்டவே இல்லைங்க. நான் திருடன்னு சொன்னதுக்கப்புறமும் 'நீங்க'ன்னுதான் கூப்பிட்டாங்க. என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை."

போலீஸ்காரர் அவர் தோளில் கை வைத்து, "வாங்க போகலாம்" என்றார். 'வா' என்றுதான் சொல்ல வந்தாராம், வாய் மாறிவிட்டதாம்.

டாக்டர் கைப்பையைப் பின்சீட்டில் எறிந்தார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முதலாளியிடம் சொன்னார்: "கம்ப்ளெயிண்ட் கொடுக்கணும்னுதான் இருந்தேன். கொடுக்கலை. ஆனா நான் லைசென்ஸ் வாங்குற வரைக்கும் எனக்கு இவங்கதான் வேணும். வேற யாரையாவது அனுப்பினீங்கன்னா, அப்ப கொடுப்பேன்."

முதலாளி அக்காவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "ஏறும்மா, ஏறு. ஆனா ஒண்ணு. இனிமே ஏறுறது யாருன்னு கேட்டுட்டு ஆரம்பி."

அக்கா பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். முதலாளி சொன்னதைத் தட்டக் கூடாதே என்று, டாக்டர் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

"தப்பா நினைக்காதீங்க. நீங்க திருட வரலையே?"

டாக்டருக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கிளட்சை மிதித்தார், சிரித்துக்கொண்டே முதல் கியரைப் போட்டார், சிரிப்பில் உதற மறந்துபோன காலை மெல்ல மேலே எடுத்தார். வண்டி குலுங்காமல் நகர்ந்தது. முதலாளி ஒதுங்கி நின்று வழி விட்டார்.